கதவில் எழுதிய இரண்டு

488ஆம் நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இந்தக் காகிதம் யாரோ ஒரு புண்ணியவானின் நெஞ்சு எக்ஸ்ரே இருந்த கவர். அவர் நெஞ்சு என்ன ஆனதோ தெரியாது, கவர் கெட்டியாக இருக்கிறது. இரண்டு பக்கமும் எழுத இடம் இருக்கிறது. ஆகவே அப்பா சுருக்கமாக முடிப்பார் என்று எதிர்பார்க்காதே.

நலம் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் நூற்றுப் பத்து நாளாகத் தவிக்கிறேன் என்பது மட்டும் சத்தியம்.

முந்தாநாள் கடிதம் கொண்டுபோகிற சைக்கிள்காரர் வந்தார். வழக்கம்போல வாசல் கம்பிக்கு வெளியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "எக்ஸ்ரே அண்ணே, தாத்தா ஆகப்போறீங்க, ஏழு மாசமாம். ஒரு உருளைக்கிழங்காவது சுட்டுக் குடுக்கக் கூடாதா?" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பெற்ற மகள் விஷயம் ஊரான் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறதே என்று உன் அம்மா ஒரு மூச்சு அழுதாள். அப்புறம் ஒரு மூச்சு என்னைத் திட்டினாள். இரண்டாவது மூச்சுதான் நீளம்.

ஏழு மாதம் என்றால், நீ கோபித்துக்கொண்டு கிளம்பின அன்றே உனக்குத் தெரிந்திருக்கும். சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சரி, மூடியிருக்க மாட்டேன். கொஞ்சம் மெதுவாகப் பேசியிருப்பேன்.

அன்று மாப்பிள்ளை என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்? ரயில் குகையில் இடம் இருக்கிறது, நாற்பது பேர் இருக்கிறார்கள், கதிர் அளக்கிற மானியை ஒரு வாரம் கொடுங்கள், அங்கே எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றார். "இது தண்டவாளத்துல ஆணி அடிக்கிற சாமான் இல்ல" என்றேன் நான். பதினெட்டு வருஷம் கேங்மேனாக வேலை பார்த்தவரிடம் பேசுகிற பேச்சா அது?

உள்ளே இருந்த காரணத்தை இப்போது சொல்கிறேன். நான் எட்டாவது தாண்டாதவன். இருபத்தாறு வருஷம் எக்ஸ்ரே ரூமில் ஸ்ட்ரெச்சர் தள்ளினவன். குண்டு விழுந்த அன்று எல்லாரும் நகையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடினபோது, நான் அந்த ரூமிலிருந்த மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். கதிர் எவ்வளவு என்று ஊசியில் காட்டுகிற பெட்டி. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்கிற மாதிரி, இந்தக் கோல்ட் ஸ்டோரேஜுக்குள் பதுங்கியிருக்கிற முப்பத்தொரு பேருக்கு நான் விஞ்ஞானி ஆகிவிட்டேன். விடிந்ததும் முற்றத்தைச் சுற்றி வந்து, கிணற்றடியில் பெட்டியை நீட்டி, இரும்புக் கதவில் சாக்பீஸால் நம்பரை எழுதினால்தான் ஜனம் வெளியே கால் வைக்கும். பிறந்ததிலிருந்து என் எழுத்தை யாரும் காத்திருந்து படித்ததில்லை. அந்த மரியாதையை ஒரு வாரம் இரவல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இப்போது கேள். பிரசவத்துக்கு இங்கே வந்துவிடு. நர்ஸம்மா இருக்கிறார். முன்னூறு பிரசவம் பார்த்த கை. இங்கே சுவர் ஒரு முழம் கனம். கிணறு வற்றவில்லை. போன மாதம் முழுக்க நம்பர் இரண்டுதான். மூன்றுக்குக் கீழே இருந்தால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் முற்றத்தில் விளையாடலாம் என்பது நம் சட்டம் அல்லவா? தினமும் விளையாடுகிறார்கள். சத்தம் தாங்கவில்லை.

அம்மா ஆபீஸ் ரூம் திரைச்சீலையைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி தைக்கிறாள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, அது பழைய தொந்தரவுதான். நாலு நாளாக வயிறு போகவில்லை. மூன்று வேளையும் உருளைக்கிழங்கு என்றால் வயிறுதான் என்ன செய்யும்? மற்றபடி வாய் நன்றாக இருக்கிறது. "அவள வரச் சொல்லுங்க, உங்க வீராப்ப அடுப்புல போடுங்க" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அப்பா


497ஆம் நாள்

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் என் கைக்கு வரவில்லை. காதுக்குத்தான் வந்தது.

இங்கே ஒரு வழக்கம். வெளியிலிருந்து எது வந்தாலும் பழைய ஸ்டேஷன் மேடையில் ஒரு கல்லின் மேல் வைத்து மானியை நீட்டுவார்கள். சத்தம் போடாவிட்டால் உள்ளே வரும். உங்கள் கவருக்கு மேல் நீட்டினதும் அது கறகறவென்று கத்தியது. எல்லாரும் பத்தடி பின்னால் போனார்கள். அப்படிப்பட்ட கடிதத்தைச் சைக்கிள்காரர் எதிர் மேடையில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும், பிறகு கொளுத்திவிட வேண்டும். அம்மாவுக்கு நாலு நாளாக வயிறு போகவில்லை என்பது இப்போது நாற்பது பேருக்குத் தெரியும். "ஆணி அடிக்கிற சாமான்" என்ற இடத்தை அவர் இரண்டு தடவை படித்தார். முதல் தடவை காற்றில் சரியாகக் கேட்கவில்லையாம். உங்கள் மாப்பிள்ளை என் பக்கத்தில்தான் நின்றார். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவருக்குக் கோபப்படத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீங்கள் மானியைத் தராததால் இங்கேயிருந்து ஐந்து பேர் அணைக்கட்டு ஆபீஸ் வரை நடந்தே போய் ஒன்றை எடுத்து வந்தார்கள். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. நீங்கள் மரியாதை என்று எழுதினதை அவர்களுடைய பெண்டாட்டிகளும் நின்று கேட்டார்கள். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே பெரியவர் அணைக்கட்டில் இன்ஜினியராக இருந்தவர். கடிதம் இப்படிக் கத்தினால் அது வந்த இடத்தில் இருநூறாவது இருக்கும், இரண்டு இருக்க வாய்ப்பே இல்லை என்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கப்பா இருபத்தாறு வருஷம் எக்ஸ்ரேல இருந்தவரு" என்றேன். "ஸ்ட்ரெச்சர் தள்ளினவருதானேம்மா? இப்பதான் படிச்சாங்க" என்றார். அதையும் நீங்களே எழுதித் தொலைத்திருக்கிறீர்கள்.

எனக்கு வர ஆசைதான் அப்பா. போன மாதம் இங்கே ஒருத்திக்கு வலி கண்டது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கத்தினாள். குகையில் ஒரு தடவை கத்தினால் நாலு தடவை கேட்கும். மூன்றாம் நாள் சத்தம் இல்லை. குழந்தையும் இல்லை. அன்றிலிருந்து எல்லாரும் என் வயிற்றைப் பார்க்கிறார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்ஜினியர் ஒரு வழி சொன்னார். இருட்டில் எண்கள் பச்சையாக மின்னுகிற பழைய கைக்கடிகாரம் ஒன்றைச் சைக்கிள்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பச்சையிலும் கொஞ்சம் கதிர் உண்டாம். எங்கள் மானியை அதன் முகத்தில் வைத்தால் நாலு காட்டுகிறது. உங்கள் மானியில் வைத்து எவ்வளவு என்று எழுதுங்கள். நாலு என்றால் உங்கள் பெட்டி சரி, நான் கிளம்புகிறேன்.

அம்மாவுக்கு ஈறில் இன்னும் ரத்தம் வருகிறதா? அது பழைய தொந்தரவு இல்லை. நான் இருந்தவரை அப்படி ஒன்றும் கிடையாது.

மகள்


506ஆம் நாள்

அன்பு மகளுக்கும், எதிர் மேடையில் நின்று இதைப் படிக்கும் சைக்கிள்காரருக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் நாற்பது பேருக்கும்,

என் மகள் சொல்லித்தான் எனக்கு இந்த வழக்கம் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் அம்மாவின் வயிற்றைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. (வயிறு சரியாகிவிட்டது. எல்லாருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.)

இறந்துபோன அந்த இரண்டு பேர் வீட்டாருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கை கூப்புகிறேன்.

இன்ஜினியர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவன் இல்லை நான். ஆனால் அணைக்கட்டில் தண்ணீர் அளப்பார்கள். ஆஸ்பத்திரியில் கதிர் அளப்பார்கள். எந்தப் பெட்டி சரியாக இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கைக்கடிகாரம் வந்து சேர்ந்தது. வைத்துப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. நாலும் இல்லை, அரையும் இல்லை. ஆகவே என் முடிவு: வெயிலிலும் குலுக்கலிலும் நாலு நாள் வந்ததில் கடிகாரம் களைத்துப்போய்விட்டது. நானே அப்படி வந்தால் களைத்துத்தான் போவேன்.

மகளே, கிளம்பு. மாப்பிள்ளை தண்டவாளத்தில் ஓடுகிற கேங் ட்ராலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வரட்டும். ஆறு நாள் ஆகும். வழியில் பாலம் ஒன்றுதான் பயம், அங்கே இறங்கி நடந்துவிடு. 530க்குள் வந்துவிட்டால் நல்லது, அப்புறம் உன்னால் குலுக்கல் தாங்க முடியாது. மூன்றாவது ரூமை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. முடிவெட்டுகிறவர் போய்விட்டார். வயதாகிவிட்டது, நாற்பத்திரண்டு. அவருக்கு வேலையும் குறைந்துவிட்டது, எல்லாருக்கும் முடி தானாகவே கொட்டுகிறது. வாட்ச்மேன் சம்சாரமும் போன வாரம். நர்ஸம்மா சத்துக் குறைவு என்கிறார். முப்பத்தொன்று இப்போது இருபத்தொன்பது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வந்தால் முப்பத்திரண்டு. பழைய கணக்கைவிட ஒன்று கூட.

இன்று காலை நம்பரும் இரண்டுதான்.

அம்மாவுக்கு வாயெல்லாம் புண். அதனால் திட்டுவதைக் குறைத்திருக்கிறாள். எனக்கு அது ஒரு மாதிரி இருக்கிறது.

அப்பா


515ஆம் நாள்

அப்பா,

கைக்கடிகாரம் களைக்காது. அந்தப் பச்சையில் இருக்கிற கதிர் நூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்குமாம். நீங்கள் எழுதினதைச் சைக்கிள்காரர் படித்ததும் இன்ஜினியர் சிரிக்கவில்லை. நான் சிரிப்பார் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிப் பெட்டிகளில் ஒரு குமிழ் இருக்குமாம், ஒன்று, பத்து, நூறு என்று. அது எங்கே நிற்கிறது என்று கேட்டார். நான் ஒன்றில் என்றேன். சொல்லிவிட்டு நின்றேன். எனக்கு ஞாபகம் வந்தது. குண்டு விழுந்த மூன்றாம் நாள் நாம் ஏணியில் இறங்கும்போது பெட்டி கீழே விழுந்து குமிழ் உடைந்தது. கேன்டீன் கேஸ் அடுப்பின் குமிழைப் பிடுங்கி நீங்கள் மாட்டினீர்கள். நான்தான் டார்ச் பிடித்தேன். "கச்சிதமா உக்காந்துடுச்சு பாத்தியா, அப்பன் கை!" என்றீர்கள். நானும் கை தட்டினேன்.

அந்தக் குமிழைக் கழற்றிப் பாருங்கள் அப்பா.

உங்கள் மாப்பிள்ளை போக வேண்டாம் என்கிறார். அவர் என்னை எதற்கும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஆனால் இங்கே இருந்தால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் ஒரு கடிதத்துக்கு மட்டும் காத்திருப்பேன். குமிழைக் கழற்றிப் பார்த்துவிட்டு நீங்கள் வா என்று எழுதினால் வருகிறேன். இன்ஜினியர் சொல்வதைக் கேட்க மாட்டேன், உங்களைத்தான் கேட்பேன். அதனால் தயவுசெய்து தமாஷ் பண்ணாமல் எழுதுங்கள்.

மகள்


526ஆம் நாள்

மகளே,

வராதே.

முதலில் அதை எழுதிவிட்டேன், சைக்கிள்காரர் எவ்வளவு மெதுவாகப் படித்தாலும் அது முதலில் உன் காதில் விழட்டும்.

உன் கடிதம் கிடைத்த அன்றே குமிழைக் கழற்றினேன் என்று எழுத நினைத்தேன். பொய். அன்று முழுக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் கழற்றினேன். அடியில் தகட்டில் மூன்று புள்ளி இருக்கிறது. தண்டில் ஒரு வெட்டு. அந்த வெட்டு எந்தப் புள்ளியைப் பார்க்கிறதோ அதுதான் கணக்கு, நூறைப் பார்த்தால் ஊசி காட்டுவதை நூறால் பெருக்க வேண்டும். நான் மாட்டின அடுப்புக் குமிழின் கோடு ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வெட்டு நூறைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

கதவில் நான் எழுதின இரண்டெல்லாம் இருநூறு. தண்டைச் சரியாகத் திருப்பிக் கடிகாரத்தை வைத்தேன். நாலு. அதே பெட்டியைக் கிணற்று வாளிக்கு மேல் நீட்டினேன். ஊசி எகிறிப்போய்க் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது.

இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்பாய். நல்ல நம்பர் வரும்போது எவன் கழற்றிப் பார்ப்பான்? சத்தம் போடுகிற ஒயர் ஒன்றும் இருந்தது. ஆரம்பத்தில் ஓயாமல் கத்தியது. "பல்லி மாதிரி சதா கத்துது, மனுஷிக்குத் தலைவலி" என்று அம்மா சொன்னதும் அதைப் பிடுங்கிப் போட்டவனும் நான்தான். சொல்ல வேண்டியதை அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

நர்ஸம்மாவிடம் மட்டும் சொன்னேன். "ஈறப் பாத்தப்பவே எனக்கு உறுத்துச்சு அண்ணே. நீங்க காலையில காலையில ரெண்டுன்னு எழுதிட்டுப் போனீங்க. நான் என் கண்ண நம்பறதா, பெட்டிய நம்பறதா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அடித்திருந்தால் தேவலை.

இதை எழுத வேண்டும். 521 அன்று அம்மா போய்விட்டாள். நான் குமிழைக் கழற்றின மறுநாள். காலையில் கண்ணைத் திறந்து, "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். நான் இரண்டு என்றேன். "பரவாயில்லையே, அப்ப அவ வந்துடுவா" என்றாள். அப்புறம் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். வேறு தண்ணீர் இல்லையே.

மற்றவர்களிடம் சொல்லவில்லை. வாசலில் நின்று வாயைத் திறக்கிறேன், பிள்ளைகள் ஓடுகிறார்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

நீ இங்கே வர முடியாது என்று ஆனபிறகு நர்ஸம்மா சொன்னார்: "அப்ப நான் அங்க போறேன். இங்க இனிமே நான் பாக்கப்போறது பிரசவம் இல்ல." இந்தக் கடிதத்தோடு சைக்கிள் கேரியரில் வருகிறார். அவருக்கும் உடம்பு சரியில்லை, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். இன்ஜினியர் ஐயா, அவரை உள்ளே விடுங்கள். பெட்டியைப் பற்றி நான் சொன்னதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், அவரை விடுங்கள்.

அப்பா


540ஆம் நாள்

அப்பா,

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்தச் செய்தியையும் சைக்கிள்காரர்தான் சத்தம் போட்டுப் படித்தார். நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். பின்னாலிருந்து யாரோ "அப்புறம்?" என்று கேட்டார்கள்.

நர்ஸம்மா வந்தார். துணியைக் கொளுத்தினார்கள், தலையை மழித்தார்கள், மூன்று தடவை குளிப்பாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் மானி அதேபோலக் கத்தியது. "தோல்ல இல்லம்மா, எலும்புல எறங்கிடுச்சு" என்று இன்ஜினியர் அவரிடமே சொன்னார். உள்ளே விடவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கேங் குடிசையில் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே முப்பது எட்டு வைக்கிற தூரம்.

தினமும் அங்கிருந்தே பாடம் நடத்துகிறார். சாக்கைச் சுருட்டிக் குழந்தையாக வைத்து உங்கள் மாப்பிள்ளை பழகுகிறார். "தம்பி, அது குழந்த! நட்டு முடுக்கற மாதிரி திருகாதீங்க!" என்று கத்துகிறார். நேற்று நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் அங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டீர்களா? பிள்ளைகள் இன்னும் முற்றத்தில் விளையாடுகிறார்களா?

மகள்


571ஆம் நாள்

அப்பா,

பெண் குழந்தை. ஆறு நாள் ஆகிறது. இருவரும் உயிரோடு இருக்கிறோம். நர்ஸம்மா முப்பது எட்டுக்கு அப்பால் தரையில் உட்கார்ந்துகொண்டு கத்தினார், நிற்க முடியவில்லை. குழந்தையை ஏந்தினது உங்கள் மாப்பிள்ளைதான். தொப்புள்கொடியை முடிச்சுப் போட்டு அறுத்தபிறகுதான் வெளியே போய் வாந்தி எடுத்தார்.

குழந்தை நன்றாக அழுதாள். என் கையில் கொடுப்பதற்கு முன்னால் கல்லுக்குக் கொண்டுபோனார்கள். துணி விரித்துத்தான் வைத்தார்கள். மானியை நீட்டினார்கள். கத்தியது. உங்கள் கடிதம் அளவுக்கு இல்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. பிறகு என் பாலைக் கிண்ணத்தில் பிடித்து அதன் மேலும் மானியை நீட்டினார்கள், அதற்கும் கத்தியது.

இந்த மானி வந்தபோது எங்களை யாரும் அளக்கவில்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்தானே என்று விட்டுவிட்டார்கள். முன்னூற்று எழுபத்தெட்டு நாள் நான் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன். நான் கிளம்பி வந்தபோது கூடவே அதையும் உடம்பில் கொண்டுவந்திருக்கிறேன்.

இன்ஜினியர் அழுதார். ஆனால் வழக்கத்தை மாற்றவில்லை. அவரிடம் நாற்பது உயிர் இருக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது நர்ஸம்மாவோடு கேங் குடிசையில் இருக்கிறோம். உங்கள் மாப்பிள்ளையும் வந்துவிட்டார், அதே தண்ணீரைக் குடித்தவர்தானே, அளக்கும்வரை காத்திருக்கவில்லை. தகரக் கூரை. காற்று வந்தால் எல்லாப் பக்கமும் வருகிறது. குளிர் தொடங்கினால் குழந்தை தாங்க மாட்டாள். நர்ஸம்மா எழுந்திருப்பதில்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். இருக்கிறது. போகாது என்று நினைக்கிறேன். இருந்தாலும், அங்கே சுவர் ஒரு முழம் கனம் என்பது மட்டும் நீங்கள் எழுதினதில் நிஜம்.

வரட்டுமா?

மகள்


580ஆம் நாள்

அன்பு மகளுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

வாயால் சொல்ல வரவில்லை என்று ஒரு நாள் காலையில் கதவில் எழுதினேன். இருநூறு. எழுதிவிட்டு ஓரமாக நின்றேன், கல்லெறிந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று. கணக்கு டீச்சர்தான் முதலில் வந்தார். பார்த்தார். சிரித்தார். "என்ன எக்ஸ்ரே, காலங்காத்தால தமாஷா? ரெண்டு சைபர் கூடப் போட்டிருக்கீங்க" என்று முந்தானையால் அந்த இரண்டு சைபரையும் துடைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பினார். ஆயுசு முழுக்கக் கோமாளித்தனம் பண்ணினவன் ஒரு நாள் உண்மையை எழுதினால் அப்படித்தான் ஆகும்.

மறுநாளும் எழுதினேன். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து, தகட்டைக் காட்டி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். டீச்சர் வெகுநேரம் பார்த்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எங்க போறது?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார். யாரும் என்னை அடிக்கவில்லை. அடிக்கிற தெம்பு இருந்தவர்கள் நாலைந்து பேர்தான். அன்றும் பிள்ளைகள் முற்றத்துக்குப் போனார்கள். டீச்சர்தான் போகச் சொன்னார். அப்புறம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இப்போது இருபத்திரண்டு பேர்.

குகைக்காரர்கள் கதவைச் சாத்தினபிறகு, நீ இங்கே வரலாமா என்று கேட்கிறாய். வேறு எங்கேயாவது போ என்று சொல்ல எனக்கு ஓர் ஊர் பெயர் தெரிந்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன். இரண்டு நாள் யோசித்தேன். தெரியவில்லை. வாம்மா.

ட்ராலியில் நர்ஸம்மாவைப் படுக்கவைத்துக் கூட்டி வா, அங்கே விட்டுவிடாதே. காலையிலும் வெயில் சாய்ந்தபிறகும் மட்டும் வாருங்கள். பாலத்தில் இறங்கி நட. வழியில் தண்ணீர் கிடைத்தால் மாப்பிள்ளை எவ்வளவு சுமக்க முடியுமோ அவ்வளவு எடுத்துவரட்டும், தீரும்வரை குழந்தைக்கு அதையே கொடுக்கலாம். அம்மா தைத்த துணி பதினோரு உருப்படி இருக்கிறது. ஒன்றுகூடச் சின்னக் குழந்தைக்குப் போடுகிற அளவில் இல்லை, எல்லாம் ஒரு வயசுப் பிள்ளைக்குத் தைத்திருக்கிறாள். மடித்து வைத்திருக்கிறேன்.

உன் கோபத்தையும் கூட்டி வா. அதற்கும் இங்கே இடம் இருக்கிறது, இப்போது ரூமெல்லாம் காலிதான்.

மஞ்சள் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். நீங்கள் வருகிற அன்று வாசலில் நான்தான் நிற்பேன். என் கையில் ஒன்றும் இருக்காது. அவளை எந்தக் கல்லிலும் வைக்க வேண்டாம். நேராக என்னிடம் கொடு.

அப்பா